குஸ்மான் எல் புவேனோவும் மெதினா சிதோனியா குடும்பமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயினில் இன்றும் நீடிக்கும் பரம்பரை டியூக் பட்டங்களில் மிகப் பழையது மெதினா சிதோனியா. 1445இல் வழங்கப்பட்ட அந்தப் பட்டத்தின் வேர், அதற்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பு தாரிஃபா கோட்டைச் சுவரில் நின்ற ஒரு தளபதி. அவர் பெயர் அலோன்சோ பெரேஸ் தே குஸ்மான். அவரை எல்லோரும் ஒரு கத்தியோடு சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் கத்தியைப் பற்றியும், அதற்குப் பின் வந்த நிலம், மீன், திருமணம், பத்திரம் ஆகியவற்றைப் பற்றியும் வாசகர்கள் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

குஸ்மான் எல் புவேனோ யார்?

1256இல் பிறந்து 1309இல் போரில் இறந்த, காஸ்தில் (இன்றைய ஸ்பெயினில் இருந்த கிறிஸ்தவ அரசு) நாட்டுப் பிரபு. லியோன் நகரம் அவரைத் தன் மகன் என்று கொண்டாடுகிறது. ஆனால் அவர் வாழ்ந்தது, சம்பாதித்தது, புதைக்கப்பட்டது எல்லாம் தெற்கே, ஆண்டலூசியாவில். ‘எல் புவேனோ’ என்றால் ‘நல்லவர்’. சான்லூகர் தே பர்ரமேதாவின் முதல் பிரபு இவர்தான். மெதினா சிதோனியா டியூக்குகள் இவரது நேர் வாரிசுகள்.

குஸ்மான் என்ற குடும்பம் அவருக்கு முன்பே இருந்ததே! பிறகு அவரை எப்படி நிறுவனர் என்று சொல்வது?

நியாயமான கேள்வி. புர்கோஸ் பகுதியில் குஸ்மான் என்றே ஓர் ஊர் உண்டு. குடும்பப் பெயர் அங்கிருந்து வந்தது. வடக்கில் அவர்கள் பழைய, செல்வாக்கான பிரபுக்கள். ஆனால் அலோன்சோ முறையான திருமணத்தில் பிறந்தவர் அல்லர் என்பது மரபு. தந்தையின் சொத்தில் பெரிதாக எதிர்பார்க்க இடமில்லாத மகன் அவர்.

16ஆம் நூற்றாண்டில் இந்தக் குடும்பத்தின் வரலாற்றை எழுதிய பெத்ரோ பர்ராந்தெஸ் மல்தொனாதோ ஒரு காட்சியைச் சொல்கிறார். போர் விளையாட்டு ஒன்று முடிந்தபின், அரசவையில் எல்லோர் முன்னிலையிலும் அவரது பிறப்பைச் சுட்டி ஒரு வார்த்தை விழுகிறது. அவமானம் தாங்காமல் இளைஞர் நாட்டைவிட்டே போய்விடுகிறார். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து எழுதப்பட்ட கதை இது; அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் அடிப்படை நிலைமை புரிந்துவிடுகிறது. பெயர் இருந்தது, பங்கு இல்லை. அதனால்தான் அவர் புதிதாக ஒரு வீட்டை, அதாவது ஒரு பிரபுக் குடும்பத்தை, உருவாக்க வேண்டியிருந்தது.

கிறிஸ்தவப் பிரபுவான அவருக்கு மொரோக்கோவில் என்ன வேலை?

கூலிப் படைத்தலைமை. மொரோக்கோவை ஆண்ட மரினித் சுல்தான் அபூ யூசுஃப் யாகூபிடம் கிறிஸ்தவக் குதிரைவீரர்களைத் தலைமை தாங்கிப் பணியாற்றினார். அந்தக் காலத்தில் இது யாரையும் அதிரவைக்கவில்லை. அதே சுல்தான் 1275 முதல் கடல் கடந்து வந்து காஸ்தில் நாட்டைத் தாக்கியவர். அதே சுல்தானிடம் காஸ்திலின் அரசரே பின்னர் கையேந்தி நின்றார்.

1282இல் மகன் சாஞ்சோ கலகம் செய்து அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவின் அதிகாரத்தைப் பறித்தார். கைவிடப்பட்ட அரசர் தம் மணிமுடியைச் சுல்தானிடம் அடகு வைத்துத் தங்கம் கடன் வாங்கினார். கிறிஸ்தவர், அரபியர் இரு தரப்பு வரலாற்றாளர்களும் இதைக் குறிப்பிடுகிறார்கள். இடையில் நின்று பேசி முடித்தவர் அலோன்சோ என்கிறது குடும்ப மரபு. சிலுவைக்கும் பிறைக்கும் இடையே இரும்புச் சுவர் இருந்ததாக நினைத்துக்கொண்டு 13ஆம் நூற்றாண்டு ஸ்பெயினைப் படிப்பவர்களுக்கு இந்த மனிதரின் இளமைக்காலமே போதிய பதில். மொரோக்கோவில் சேர்த்த தங்கம்தான் பின்னாளில் ஆண்டலூசியாவில் ஊர் ஊராக மாறியது.

அவர் மனைவியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

பேச வேண்டும். மரியா அலோன்சோ கொரோனெல் சாதாரணப் பெண் அல்லர். செவில் வட்டாரத்தில் சொத்தும் உறவும் உள்ள குடும்பத்தில் பிறந்தவர். அலோன்சோவுக்கு வேறோர் ஊரின் மண்ணில் கால் ஊன்ற இடம் கொடுத்தது இந்தத் திருமணம். கணவர் கோட்டையிலும் போர்க்களத்திலும் இருந்தபோது வீட்டையும் வருமானத்தையும் பார்த்துக்கொண்டவர்; அவர் இறந்தபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு இருந்து சொத்தைச் சிதறாமல் காத்தவர். நிறுவனர் என்ற சொல்லைப் பன்மையில் பயன்படுத்தினால்தான் சரியாக இருக்கும்.

தாரிஃபாவுக்கு ஏன் அவ்வளவு சண்டை?

வரைபடத்தைப் பார்த்தால் போதும். ஐரோப்பியப் பெருநிலத்தின் தென்கோடி தாரிஃபா. எதிரே ஆப்பிரிக்கா சுமார் 14 கிலோமீட்டர். மரினித் படைகள் கரையிறங்கிய வாசல் அது. 1292இல் சாஞ்சோ (அப்போது நான்காம் சாஞ்சோ என்ற பெயரில் அரசர்) அதைப் பிடித்தார். தெற்கே முஸ்லிம் அரசாக இருந்த கிரனாடாவின் அரசர் அவருக்கு உதவினார். பிடித்தபின் ஊர் தமக்கே வரும் என்று எதிர்பார்த்தார். சாஞ்சோ கொடுக்கவில்லை. இரண்டு ஆண்டில் கிரனாடா மறுபக்கம் சாய்ந்ததற்கு இதுதான் காரணம்.

பிடிப்பதைவிடக் காப்பது செலவான காரியம். முதலில் கோட்டையை ஏற்ற கலத்ராவா (துறவி வீரர்களின் சபை) தலைவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் மராவேதி (அன்றைய நாணயம்) கொடுக்க வேண்டியிருந்தது. தாம் 6 லட்சத்துக்கே காத்துத் தருவதாக அலோன்சோ முன்வந்தார் என்று சாஞ்சோவின் அரச வரலாறு சொல்கிறது. வீரக்கதைகளில் இந்தத் தொகை வருவதில்லை. ஆனால் அலோன்சோ அந்தச் சுவரில் நின்றதற்கு இந்த ஒப்பந்தம்தான் காரணம்.

1294இல் அந்தச் சுவரில் என்ன நடந்தது?

முற்றுகையிட்ட படையின் தலைவர், அரசரின் சொந்தத் தம்பி இளவரசர் ஹுவான். அண்ணனோடு பகைத்துக்கொண்டு, போர்ச்சுகல் வழியாக மொரோக்கோ போய், சுல்தானின் குதிரைப்படையோடு திரும்பி வந்திருந்தார். அவர் கையில் அலோன்சோவின் மகன் இருந்தான். போர்ச்சுகல் அரசவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி அவரிடம் முன்பே ஒப்படைக்கப்பட்ட பிள்ளை என்று மரபு சொல்கிறது. அரச வரலாறு அவனைச் ‘சின்னப் பையன்’ என்கிறது. பெத்ரோ என்ற பெயர் மரபில் நிலைத்திருக்கிறது.

ஊரைக் கொடு, இல்லாவிட்டால் இவனைக் கொல்வேன் என்று ஹுவான் ஆள் அனுப்பினார். அலோன்சோ சுவரின் மேல்நடையில் நின்று பதில் சொன்னார். ஊரைத் தர மாட்டேன். மகனைக் கொல்ல வேண்டுமென்றால் கத்தியை நானே தருகிறேன். இடுப்புக் கத்தியை உருவிக் கீழே எறிந்தார். இவனையும், இன்னும் ஐந்து மகன்கள் எனக்கு இருந்தால் அவர்களையும் கொன்றாலும், என் அரசருக்கு வாக்குக் கொடுத்துக் காக்கும் ஊரை விட மாட்டேன் என்றார். ஹுவான் கோபத்தில், தந்தையின் கண்ணெதிரே பிள்ளையைக் கொல்ல உத்தரவிட்டார்.

ஊர் விழவில்லை. உதவிக் கப்பற்படை நெருங்கவே அந்தக் கோடையில் முற்றுகை கலைந்தது. ஹுவானுக்கு இது புதிய தந்திரமும் அன்று. பல ஆண்டு முன்பு ஸமோரா கோட்டையைக் காத்த பெண்ணின் கைக்குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டி, அந்தக் கோட்டையை வாங்கியவர் அவர் என்று பத்தாம் அல்ஃபோன்சோவின் அரச வரலாறு கூறுகிறது. அங்கே தாய் கோட்டையைக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றினாள். இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். தாரிஃபாவைப் பற்றிய எண்ணமே மாறிவிடும்.

இது உண்மையில் நடந்ததா, கட்டுக்கதையா?

அரச வரலாறு நிகழ்வுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து எழுதப்பட்டது. பின்னால் வந்தவர்கள் அழகு சேர்த்தார்கள்: கவண் வழியாக எறியப்பட்ட தலை, சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்த தந்தை, அரசர் சாஞ்சோ அவரை ஆபிரகாமோடு ஒப்பிட்டு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம். இந்த அலங்காரங்களை நான் நம்பவில்லை.

ஆனால் மையச் செய்திக்கு வேறோர் ஆதாரம் இருக்கிறது. சாஞ்சோ 1295இல் இறந்தார். அவர் மகன் நான்காம் ஃபெர்னாந்தோவின் பெயரில், 1297 அக்டோபர் 13ஆம் தேதி தோரோ நகரில் ஒரு சாசனம் எழுதப்பட்டது. சான்லூகரை அலோன்சோவுக்கு வழங்கும் சாசனம் அது. ஏன் வழங்கப்படுகிறது என்ற காரணமும் அதிலேயே வருகிறது: ஊரைத் தர மறுத்ததால் மகனைக் கொன்றார்கள், கொல்வதற்குத் தம் கத்தியைத் தாமே எறிந்தார், அந்தக் கத்தியாலேயே கொன்றார்கள். நிகழ்ந்து மூன்றே ஆண்டு. கவிஞரின் வர்ணனை இல்லை, நிலப் பத்திரம்.

குடும்பம் எப்படிப் பிறந்தது என்று என்னைக் கேட்டால் இந்தப் பத்திரத்தைத்தான் காட்டுவேன். ஒரு பிள்ளையின் சாவு, ஆற்று முகத்துவாரத்தில் உள்ள ஓர் ஊருக்கு விலையாக எழுதப்பட்டிருக்கிறது. அதற்குப் பின் வந்த ஒவ்வொரு தலைமுறையும் அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னதில் வியப்பில்லை. கதை மறந்துபோனால் உரிமைக்கான காரணமும் மறந்துபோகும்.

அவரை ‘நல்லவர்’ என்பது சரியா?

அவர் காலத்து அளவுகோலில் சரி. கோட்டையை ஏற்பவர் அரசரின் கையில் கை வைத்து வாக்குக் கொடுக்கிறார். அதை மீறினால் துரோகி. சுவருக்குள்ளே ஊர் மக்களும் இருந்தார்கள். வாசல் திறந்திருந்தால் அவர்கள் கதி என்ன என்பதையும் நினைக்க வேண்டும். இருந்தும், மறுப்பதற்கும் கத்தியை எறிவதற்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. மறுப்பு கடமை. கத்தி, பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்காகச் செய்தது. அந்தச் சிறுவனும் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. கொலைப் பழி ஹுவானுடையது. அதில் எனக்கு ஐயமில்லை.

அவருக்குக் கிடைத்த நிலங்கள் எவை?

முதலாவது சான்லூகர், அதோடு சேர்ந்த சிற்றூர்கள். 1303இல் சிக்லானா. 1307இல் வெஹேர், அரசர் திருப்பித் தர வேண்டிய கடனுக்கு ஈடாக. இவற்றைத் தவிர அவரும் மனைவியும் காசு கொடுத்து வாங்கியவை தனி. எல்லாம் கடலோரமும் எல்லையோரமும். அப்போது அவை மக்கள் குடியேறத் தயங்கிய, எந்நேரமும் தாக்குதல் வரக்கூடிய இடங்கள். அரசர் கொடுத்தது பாதி பரிசு, பாதி காவல் வேலை.

சான்லூகரின் மதிப்பு பிறகுதான் தெரிந்தது. செவிலுக்குப் போகும் குவாதல்கிவீர் ஆறு கடலில் கலக்கும் இடம் அது. அமெரிக்கப் பயணங்கள் தொடங்கியபின் செவிலுக்கு வந்த ஒவ்வொரு கப்பலும் அந்த முகத்துவாரத்தைக் கடந்தது. கொலம்பஸ் 1498இல் மூன்றாம் பயணத்துக்குப் புறப்பட்டது அங்கிருந்து; மகெல்லன் 1519இல் புறப்பட்டதும் அங்கிருந்துதான். சுங்க வருமானம் பிரபுவின் பெட்டிக்குப் போயிற்று.

சூரை மீனுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன தொடர்பு?

மிக நெருக்கமான தொடர்பு. ஆண்டுதோறும் வசந்த காலத்தில் பெரிய சூரை மீன்கள் முட்டையிட அட்லாண்டிக்கிலிருந்து மத்தியதரைக் கடலுக்குள் போகின்றன. ஜிப்ரால்டர் நீரிணை குறுகலானது. மீன்கள் கரையை ஒட்டியே நீந்தும். அந்த வழியில் வலைகளால் வேலி கட்டி மடக்கிப் பிடிப்பது அல்மத்ராபா. பெயரும் முறையும் முஸ்லிம் ஆட்சிக் காலத்திலிருந்து வந்தவை. மீன்பிடிப்பு ரோமர்களுக்கும் முந்தியது.

கரையில் உயரமான கோபுரத்தில் ஒருவர் கண்கொட்டாமல் நிற்பார். நீரின் நிறம் கறுத்து நகர்வதை வைத்தே கூட்டம் வருவதைச் சொல்லிவிடுவார். அவர் சைகை காட்டியதும் படகுகள் வலையை வளைத்துப் போடும். கரையில் காத்திருக்கும் ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு மீன் 200 கிலோவுக்கு மேலும் இருக்கும். மணலில் இழுத்துப் போட்டு, கொக்கியால் குத்திப் பிடித்து, அங்கேயே வெட்டி உப்பிட்டுப் பீப்பாயில் அடைப்பார்கள்.

இந்த மீன்பிடிப்பின் தனியுரிமை 1290களின் அரச வழங்கலால் தமக்கு வந்தது என்பது குடும்பத்தின் வாதம். கொனில், ஸஹாரா (பாலைவனம் அன்று, அதே கடலோரத்து ஊர்) கரைகளில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அதை விடாமல் பிடித்திருந்தார்கள். பயிர் பொய்த்த ஆண்டிலும் மீன் வரும். விற்பனைக்குக் கடன் வேண்டியதில்லை, கைமேல் காசு. ஸ்பெயினின் பெரும்பாலான பிரபு வீடுகள் கோதுமைக் குத்தகையிலும் ஆட்டு மந்தையிலும் வாழ்ந்தபோது, இவர்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு மாதத்தில் கடலிலிருந்து பணம் வந்தது.

அலோன்சோ எப்படி இறந்தார்?

1309 செப்டம்பரில் ஜிப்ரால்டரைப் பிடித்த படையில் தலைமை வகித்தார். அந்த வெற்றிக்குச் சில நாள் கழித்து, கௌசின் மலைப்பகுதியில் நடந்த சண்டையில் வீழ்ந்தார். ஜிப்ரால்டர் 1333இல் மறுபடி கைமாறியது.

அந்த ஜிப்ரால்டர் பாறை இந்தக் குடும்பத்தை விடவில்லை. 1436இல் அவர் வழிவந்த நியேப்லா கவுண்ட் என்ரிக்கே அங்கே கடலில் மூழ்கி இறந்தார். ஏறும் அலையில் சிக்கிய தம் ஆட்களைக் காப்பாற்றப் படகைத் திருப்பினார், எல்லோருமாகத் தொற்றியதில் படகு கவிழ்ந்தது என்கிறார்கள். அவர் உடல் கோட்டைச் சுவரில் தொங்கவிடப்பட்டது. 1462இல் ஊர் மீண்டும் காஸ்தில் வசம் வந்தபோது மகன் அந்த எலும்புகளை மீட்டார்.

மகள்கள் என்ன ஆனார்கள்?

சொத்தோடு போனார்கள். இசபெல் பொன்சே தே லியோன் குடும்பத்துக்கு மணமகளானார். ரோத்தா அவரோடு போயிற்று. லியோனோர் லூயிஸ் தே லா செர்தாவை மணந்தார். புவெர்த்தோ தே சாந்தா மரியா அவ்வழியே பின்னர் மெதினாசேலி வீட்டுக்குச் சேர்ந்தது. ஒரு தம்பதியின் சேமிப்பிலிருந்து மூன்று பெரிய வீடுகள் பங்கு பெற்றன. அவற்றில் குஸ்மான், பொன்சே தே லியோன் இரண்டும் பின்னாளில் செவில் தெருக்களில் படை திரட்டி மோதிக்கொண்ட பகையாளிகள் என்பதை மரியா பார்க்க நேரவில்லை.

சாதாரணப் பிரபு எப்படி டியூக் ஆனார்?

மூன்று படிகள். மகன் ஹுவான் அலோன்சோ சொத்தைக் காத்தார். 14ஆம் நூற்றாண்டு நடுவில் உள்நாட்டுப் போர் மூண்டது: அரசர் பெத்ரோ ஒரு பக்கம், அவருடைய தந்தைக்கு ஆசைநாயகி வழியில் பிறந்த என்ரிக்கே மறுபக்கம். அந்த ஆசைநாயகி லியோனோர் தே குஸ்மான், இதே பெரிய குடும்பத்தின் வேறு கிளை. ஆண்டலூசியக் குஸ்மான்கள் என்ரிக்கேவின் பக்கம் நின்றார்கள். அவர் வென்றார், 1360களின் இறுதியில் நியேப்லா கவுண்ட் பட்டம் வந்தது, அரச குடும்பத்துப் பெண்ணும் மருமகளாக வந்தார். 1445இல் மற்றோர் உள்நாட்டுச் சண்டையில் அரசர் இரண்டாம் ஹுவான் பக்கம் நின்றதற்கு மெதினா சிதோனியா டியூக் பட்டம்.

இத்தனைக்கும் அடித்தளமாக இருந்தது மயோராஸ்கோ என்ற ஏற்பாடு. முக்கியச் சொத்து முழுவதும் ஒரே வாரிசுக்குப் போகும். அவரால் விற்கவோ பிரிக்கவோ முடியாது. இது இல்லாமல் 500 ஆண்டு ஒரு வீடு நிலைத்திருக்க முடியாது. மற்ற பிள்ளைகள் திருச்சபையையும் போர்க்களத்தையும் நோக்கிப் போனார்கள்.

இங்கிலாந்தைத் தாக்கிய ஸ்பானிய ஆர்மடா கப்பற்படையின் தளபதி குஸ்மான் எல் புவேனோவா?

இல்லை. 1588இல் அந்தக் கப்பற்படையை நடத்தியவர் ஏழாம் டியூக். பெயர் மட்டும் அதே அலோன்சோ பெரேஸ் தே குஸ்மான். கடல் பயணம் ஒத்துக்கொள்ளாது, கடற்போர் அனுபவமும் இல்லை என்று அரசருக்கு நேர்மையாக எழுதி மறுத்தவர், அரசர் கேட்கவில்லை.

குடும்பம் அரசுக்கு எதிராகத் திரும்பியதுண்டா?

உண்டு. ஒன்பதாம் டியூக் காஸ்பரின் தங்கை லூயிசா, 1640இல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்த போர்ச்சுகலின் அரசி. மறு ஆண்டே ஆண்டலூசியாவில் ஒரு சதி அம்பலமானது. அதில் டியூக் சிக்கினார். உறவினரான அயமோந்தே மார்க்கீஸ் தலையை இழந்தார். டியூக் மன்னிப்புக் கேட்டு உயிர் தப்பினார். ஆனால் 1645இல் அரசர் சான்லூகரை எடுத்துக்கொண்டார். சிறுவனின் உயிருக்கு ஈடாக 1297இல் வந்த ஊர் அப்படிப் போயிற்று. அந்தக் காலத்தில் அரசரின் முதன்மை அமைச்சராக இருந்த ஒலிவாரெஸும் இதே வீட்டின் இளைய கிளையில் வந்த குஸ்மான்தான்.

குடும்பச் சின்னமான கேடயத்தில் இருக்கும் பானைகள் எதற்கு?

இரண்டு கொப்பரைகள், அவற்றின் கைப்பிடியோரம் எட்டிப் பார்க்கும் பாம்புகள். தன் செலவில் படைக்குச் சோறு போட வல்லவன் என்பதற்கு அடையாளமாகக் காஸ்தில் நாட்டுப் பெரும்பிரபுக்களுக்குக் கொடியும் கொப்பரையும் உரியவை. அலோன்சோ மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்தருகே ஒரு பெரும்பாம்பைக் கொன்றார் என்ற கதையும் குடும்பத்தில் உண்டு.

குஸ்மான் எல் புவேனோ பிறப்பால் முஸ்லிம் என்கிறார்களே?

அப்படி எழுதியவர் அவர் வீட்டிலேயே பிறந்தவர்: 21ஆம் டச்சஸ் (பெண் டியூக்) லூயிசா இசபெல் அல்வாரெஸ் தே தொலேதோ. ஃபிராங்கோ ஆட்சியில் சிறை சென்றதால் ‘சிவப்பு டச்சஸ்’ என்று அறியப்பட்டவர்; 2008இல் மறைந்தார். பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. எனக்கும் இது நிறுவப்பட்டதாகத் தோன்றவில்லை. ஆனால் சான்லூகர் அரண்மனையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுகளாக இருக்கும் குடும்ப ஆவணங்களைப் பல ஆண்டு உட்கார்ந்து ஒழுங்குபடுத்தி, 1990இல் ஒரு அறக்கட்டளையின் கீழ்க் கொண்டுவந்தவர் அவர். அந்த உழைப்புக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

இன்றைய டியூக்குகள் குஸ்மான்களா?

பெண்வழியில் மட்டும். ஆண்வழி 1779இல் முடிந்து, பட்டம் அல்வாரெஸ் தே தொலேதோ குடும்பத்துக்குப் போயிற்று. அப்படி வந்த முதல் டியூக், ஓவியர் கோயா வரைந்த ஆல்பா டச்சஸின் கணவர்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

தாரிஃபாவில் 960இல் எழுந்த கோட்டை குஸ்மான் எல் புவேனோ பெயரிலேயே இருக்கிறது. சான்லூகரில் அரண்மனையும் ஆவணக் காப்பகமும். ஒரே இடம்தான் போக முடியும் என்றால் செவிலை ஒட்டிய சாந்திபோன்சேவுக்குப் போங்கள். அங்கே 1301இல் அலோன்சோவும் மரியாவும் நிறுவிய சான் இசிதோரோ தெல் காம்போ மடாலயம் உள்ளது. ஊரையே துறவிகளுக்கு எழுதிக் கொடுத்து, பதிலாகக் கல்லறையும் தங்கள் ஆன்மாவுக்குப் பிரார்த்தனையும் கேட்டார்கள். பீடத்தின் இரு பக்கமும் இருவரும் மண்டியிட்டிருக்கும் சிலைகள் 17ஆம் நூற்றாண்டில் ஹுவான் மார்த்தினெஸ் மொந்தான்யெஸ் செதுக்கியவை. 1569இல் பாசெல் நகரில் அச்சான முழு ஸ்பானிய பைபிளை மொழிபெயர்த்த காசியோதோரோ தே ரெய்னாவும் இதே மடத்தில் துறவியாக இருந்தவர்தான். இத்தாலிகாவின் ரோமானிய இடிபாடுகள் நடந்துபோகும் தூரத்தில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.